அண்ணனின் செம்புக் குழாய்: மெக் மாட் விருப்பம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே வீட்டில் அண்ணன், தம்பி இருவரும் சிகரெட்டை விட்டுவிட்டு வேப்பிங்குக்கு, அதாவது நிகோடின் திரவத்தை ஆவியாக்கி இழுக்கும் மின்-சிகரெட்டுக்கு, மாறியவர்கள். தம்பியிடம் இருப்பது திரையும் பொத்தான்களும் கொண்ட சிப் கருவி. எத்தனை வாட் வேண்டும் என்று அதில் அமைத்துக்கொள்ளலாம். மற்றதை உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை பார்த்துக்கொள்ளும். அண்ணனிடம் இருப்பது ஒரு செம்புக் குழாய். அதற்குள் 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம்-அயன் பேட்டரி ஒன்று, அடியில் ஒரு சுவிட்ச், மேலே திருகிப் பொருத்தும் அட்டமைசர், அதாவது காயில் என்ற சூடேறும் கம்பிச் சுருளால் திரவத்தை ஆவியாக்கும் பகுதி. வேறு எதுவும் கிடையாது. மெக்கானிக்கல் மாட் அல்லது சுருக்கமாக மெக் மாட் என்று வேப்பர்கள் சொல்வது இதைத்தான்.

ஒருநாள் தம்பியின் கருவியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அண்ணனின் குழாயை எடுத்து, தன் அட்டமைசரை அதில் திருகி, சுவிட்சை அழுத்தினார். ஆவி வரவில்லை. இன்னும் சற்று நேரம் அழுத்தினார். குழாய் கைபொறுக்க முடியாத அளவுக்குச் சுட்டது. சுவிட்சிலிருந்து விரலை எடுத்த பிறகும் அது மேலே எழும்பவில்லை. நல்லவேளையாக அவர் அதை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் வீசிவிட்டார். சில நொடிகளில் குழாயின் அடிப்பக்கத் துளைகள் வழியே பேட்டரி புகையைச் சீறிக் கக்கியது. தம்பியின் இரண்டு விரல்கள் வெந்துபோயின. வேறு சேதம் இல்லை.

மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். கருகிய குழாயோடு அண்ணன் என்னிடம் வந்தார். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள விரும்பினார். அதைவிட, குழாயைச் சரிசெய்து மீண்டும் பயன்படுத்த விரும்பினார். சிப் கருவிக்கு மாறிவிடலாமே என்று கேட்டதற்கு உடனே மறுத்துத் தலையசைத்தார். பாதுகாப்பான கருவி ஒன்று வீட்டிலேயே இருக்கும்போது, பாதுகாப்பு ஏதுமற்ற ஒன்றை விவரம் தெரிந்த ஒருவர் ஏன் விடாமல் வைத்திருக்கிறார்? அவரோடு பல முறை பேசியும், இரு கருவிகளையும் மேசையில் வைத்து அளந்தும் எனக்குத் தெளிவானதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள். புகைக்காத ஒருவர் எந்தக் கருவியிலும் இதைத் தொடங்கத் தேவையே இல்லை. ஏற்கெனவே இதில் இருப்பவர்கள் கருவியைத் தேர்ந்தெடுக்கும் விதத்தை மட்டுமே இந்த ஆய்வு பார்க்கிறது.

அவர் யார்

அண்ணன் கடைசல் பட்டறைத் தொழிலாளி. செம்பு, பித்தளை, துருப்பிடிக்காத எஃகு எல்லாவற்றையும் கையால் தெரிந்தவர். தன் அட்டமைசருக்கான காயிலை அவரே கம்பி வாங்கிச் சுற்றுகிறார். சுற்றிய பிறகு மின்தடையை அளக்காமல் பொருத்துவதில்லை, 0.25 ஓமுக்குக் கீழே போவதும் இல்லை. ஏன் 0.25 என்று கேட்டேன். அவர் தயங்காமல் கணக்குச் சொன்னார். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி 4.2 வோல்ட். அதை 0.25-ஆல் வகுத்தால் 16.8 ஆம்பியர். அவர் பயன்படுத்தும் சாம்சங் 25ஆர் பேட்டரி தொடர்ச்சியாக 20 ஆம்பியர் தரவல்லது. இடையில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது. ஓம் விதியைப் பள்ளியில் படித்து மறந்துபோனவர் அவர்; இந்தக் குழாய்க்காக மீண்டும் கற்றுக்கொண்டார்.

இந்தக் கணக்கை மெக் மாட் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் போட்டே ஆக வேண்டும். 0.1 ஓமில் காயில் சுற்றினால் கணக்குப்படி 42 ஆம்பியர் கேட்கும். 18650 பேட்டரியிடம் அவ்வளவு மின்னோட்டத்தைத் தொடர்ச்சியாகக் கேட்கக் கூடாது. மேலுறையில் 40 ஆம்பியர் என்று அச்சடித்து விற்கப்படும் பேட்டரிகள் உண்டு. வேறு யாரோ தயாரித்த பேட்டரிக்குப் புது உறை சுற்றி, இல்லாத திறனை எழுதி விற்கிறார்கள். உறையில் எழுதியதை அப்படியே நம்புவது ஒரு சிப் கருவியில் பெரும்பாலும் தப்பிப் போகும். மெக் மாடில் தப்பாது.

அவர் சொன்ன காரணங்கள்

முதலில் அவர் சொன்னது, “குழாயில்தான் பலம் அதிகம்” என்பது. பல மெக் மாட் பிரியர்கள் சொல்லும் காரணமும் இதுவே. ஒரு காலத்தில் இது முழு உண்மை. பயனர் வாட் அளவை அமைத்துக்கொள்ளும் டார்வின் என்ற கருவியை 2011-இல் எவால்வ் நிறுவனம் கொண்டுவந்தபோதும், அதற்குப் பின் வந்த சில ஆண்டுகளிலும் சிப் கருவிகள் தந்த ஆற்றல் குறைவு. அதே நேரத்தில் ஒரு மெக் மாடில் தடிமனான கம்பியைக் குறைந்த ஓமில் சுற்றினால் 50, 60 வாட் எளிதாகக் கிடைத்தது. பெரிய புகைமேகம் வேண்டியவர்களுக்கு வேறு வழியே இல்லை. கிரீஸிலும் பிலிப்பைன்ஸிலும் அமெரிக்காவிலும் சிறு பட்டறைகள் இத்தகைய குழாய்களைக் கடைந்து விற்றன. பிறகு நிலைமை மாறியது. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் டிஎன்ஏ 40 சிப் 2014-இல் வந்தது. மறு ஆண்டே 200 வாட் தரும் டிஎன்ஏ 200. இன்று ஆற்றலுக்காக மெக் மாட் வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், பத்தாண்டுக்கு முந்தைய காரணத்தைச் சொல்கிறார் என்றே பொருள்.

மேசையில் அளந்தபோது அவருடைய குழாயே இதைக் காட்டிக்கொடுத்தது. 4.2 வோல்ட்டும் 0.25 ஓமும் சேர்ந்தால் காகிதத்தில் 70 வாட் வருகிறது. பேட்டரிக்குள்ளேயே ஏறத்தாழ 0.02 ஓம் தடை இருப்பதை மறந்துவிடக் கூடாது. குழாயின் மரைகளும் சுவிட்சின் தொடுமுனையும் தம் பங்குக்குச் சில மில்லி ஓம் சேர்க்கின்றன. எல்லாம் கழிந்து காயிலுக்குக் கிடைப்பது 57 வாட் அளவுக்குத்தான். மரையில் அழுக்குப் படிந்து தடை 0.03 ஓமாக ஏறினால் அதுவும் 50 வாட்டுக்குக் கீழே இறங்கிவிடும். மெக் மாட்காரர்கள் குழாயை ஓயாமல் துடைத்து மெருகேற்றிக்கொண்டே இருப்பதற்கும், செம்பையும் வெள்ளி முலாம் பூசிய தொடுமுனைகளையும் தேடி அலைவதற்கும் காரணம் அழகுணர்ச்சி மட்டும் இல்லை. அந்த மில்லி ஓம்கள்தாம்.

அடுத்து அவர் சொன்னது, அழுத்திய கணமே சூடேறுகிறது என்பது. இதில் பாதி உண்மை உண்டு. தொடக்ககாலச் சிப் கருவிகள் சிலவற்றில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாக வந்தது. காயில் படபடவென்று பொரிந்தது. அந்தக் கருவிகளைப் பயன்படுத்திச் சலித்தவர்கள் குழாய்க்குப் போனதில் வியப்பில்லை. இன்றைய நல்ல சிப்களில் அந்தக் குறை இல்லை. தொடக்க நொடியில் கூடுதல் ஆற்றல் தரும் அமைப்பும் வந்துவிட்டது. தம்பியின் கருவியில் அதை அமைத்துக் காட்டினேன். அண்ணன் இழுத்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் கருவியைத் திரும்பக் கொடுத்துவிட்டார்.

கெட்டுப்போவதற்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். பழுதுபார்ப்பவன் என்ற முறையில் செயலிழந்த சிப் கருவிகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான். திரவம் உள்ளே கசிந்து பலகை அரித்துப் போகிறது, சார்ஜ் செய்யும் துளை தளர்ந்துபோகிறது, திரை அணைந்துவிடுகிறது. பலகைக்கு மாற்றுக் கிடைக்காததால் நல்ல உலோக உடலையும் சேர்த்துக் குப்பையில் போட வேண்டியிருக்கிறது. செம்புக் குழாய் தண்ணீரில் விழுந்தால் துடைத்துக் காயவைத்தால் போதும். சுவிட்சின் வில் தளர்ந்தால் புது வில். மரை தேய்ந்தால் அண்ணனைப் போன்ற ஒருவர் தாமே கடைந்துகொள்ளலாம். சேகரிப்பதற்காகவும் பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காகவும் வாங்குபவர்கள் உண்டு. அண்ணன் அந்த வகை இல்லை.

நான் எதிர்பாராத காரணம் ஒன்றை அவர் கடைசியில்தான் சொன்னார். “பேட்டரி இறங்குவது வாயிலேயே தெரிகிறது. தம்பியின் கருவியில் அது தெரியாது. கடைசி வரை ஒரே மாதிரி இருந்துவிட்டுத் திடீரென்று நின்றுவிடும்.”

இதை அளந்து பார்த்தேன். ஒரு மெக் மாடில் மின்னழுத்தம் குறையக் குறைய ஆற்றல் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. 4.2 வோல்ட்டிலிருந்து 3.5 வோல்ட்டுக்கு இறங்கினால் ஆற்றல் ஏறத்தாழ 69 சதவீதமாகிவிடும். நாக்குக்கு அது நன்றாகவே தெரியும். ஆவி மெலிகிறது, சூடு தணிகிறது, சுவை மங்குகிறது. அப்போது அண்ணன் பேட்டரியை மாற்றிவிடுகிறார். சிப் கருவி நேர்மாறானது. அமைத்த வாட் குறையாமல் இருக்க, பேட்டரி இறங்க இறங்க அதிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை உறிஞ்சுகிறது. ஒற்றைப் பேட்டரியில் 60 வாட் அமைத்திருந்தால், 3.2 வோல்ட்டில் ஏறத்தாழ 19 ஆம்பியர்; பலகையில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 20 ஆம்பியரையும் தாண்டிவிடும். ஆக, மெக் மாடில் பேட்டரி மிகக் கடுமையாக உழைப்பது முழுச் சார்ஜில். சிப் கருவியிலோ அது தீரப்போகும் தறுவாயில். இரு வகைகளையும் ஒப்பிடுகிறவர்கள் இதைப் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம். அண்ணன் சொன்னது வெறும் ரசனையில்லை. அது உண்மையான ஒரு அளவீடு, கருவியின் நிலையைப் பயனருக்குச் சொல்லும் தகவல்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அவர் பற்று வைத்திருப்பது ஆற்றலிலோ சுவையிலோ இல்லை. கையில் இருக்கும் பொருளில் தமக்குத் தெரியாத மூலை ஒன்றுகூட இல்லை என்பதில்தான். எந்த இடத்தில் மின்சாரம் நுழைகிறது, எந்த இடத்தில் தடைபடுகிறது, எங்கே சூடாகிறது என்று அவரால் விரல்வைத்துக் காட்ட முடியும். சிப் கருவியில் ஒரு முடிவை வேறு யாரோ எழுதிய நிரல் எடுக்கிறது. கடைசல் வேலை செய்யும் ஒருவருக்கு அது அந்நியமாகத் தோன்றுவதில் நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். தம்பியின் விரல் வெந்ததற்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

அன்று என்ன நடந்தது

அண்ணனின் குழாய் ஹைப்ரிட் வகை. சாதாரணக் கருவியில் அட்டமைசரின் நடுமுனைக்கும் பேட்டரிக்கும் இடையே தனியாக ஒரு தொடுமுனை இருக்கும். ஹைப்ரிட் குழாயில் அது கிடையாது. இடையில் ஒன்றும் இல்லாததால் தடை குறைகிறது. மேலே சொன்ன மில்லி ஓம் கணக்கில் அது லாபம். அட்டமைசரின் நடுமுனை பேட்டரியின் நேர்முனையை நேராகத் தொடுகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அட்டமைசரின் நடுமுனை, சுற்றியுள்ள மரை வளையத்தைவிடத் தெளிவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அண்ணனின் அட்டமைசரில் அது நீட்டிக்கொண்டிருந்தது. தம்பியின் அட்டமைசரில் நடுமுனையும் மரை வளையமும் ஒரே மட்டத்தில் இருந்தன. சிப் கருவியில் அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. அங்கே இருக்கும் வில்முனை தானே எழும்பி வந்து தொட்டுக்கொள்ளும். ஹைப்ரிட் குழாயில் திருகியபோது மரை வளையமே பேட்டரியின் நேர்முனையில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த வளையம் குழாயின் உடலோடு சேர்ந்தது. சுவிட்சை அழுத்தினால் பேட்டரியின் எதிர்முனையும் அதே உடலோடு சேர்கிறது. நடுவே காயில் இல்லை. செம்பின் தடையும் பேட்டரியின் உட்தடையும் மட்டுமே மிச்சம். இந்த நிலையில் மின்னோட்டம் 100 ஆம்பியரைத் தாண்டிவிடும்.

ஆவி வராததற்குக் காரணம் காயிலுக்கு மின்சாரமே போகாதது. தம்பி அதைச் சார்ஜ் குறைவு என்று எண்ணி மேலும் அழுத்தினார். சுவிட்சுக்குள் இருந்த வில் சூட்டில் இளகி அமுங்கிப்போனது. அதனால்தான் விரலை எடுத்தும் சுவிட்ச் திரும்பி வரவில்லை. நான் பிரித்துப் பார்த்தபோது வில்லின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பேட்டரியின் உள்ளழுத்தம் கூடி, அதன் பாதுகாப்பு வாய் திறந்துகொண்டது. வாயு வெளியேறக் குழாயில் போதுமான துளைகள் இருந்தன. அவை இல்லாமல் இருந்திருந்தாலோ அடைபட்டிருந்தாலோ அந்தக் குழாய் வெடிகுண்டாகியிருக்கும்.

அது மிகைப்படுத்தல் இல்லை. 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சிப் இல்லாத ஒரு வேப் கருவி வெடித்து, அதன் துண்டு தலையில் பாய்ந்து ஒருவர் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் டெக்சாஸில் கருவி வெடித்துக் கழுத்துத் தமனி சேதமடைந்து ஓர் இளைஞர் இறந்தார். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை 195 தீ, வெடிப்பு நிகழ்வுகளைப் பதிவு செய்திருக்கிறது. அவற்றில் 61 நிகழ்ந்தது சட்டை, கால்சட்டைப் பைகளில் இருந்தபோது. உதிரி பேட்டரியைச் சாவியோடும் நாணயங்களோடும் ஒரே பையில் போட்டால் எந்தச் சிப்பும் காப்பாற்றாது. 18650 பேட்டரியின் மேல்நுனி மட்டும் நேர்முனை. மற்ற உடல் முழுவதும் எதிர்முனை. நடுவில் இருப்பது மெல்லிய ஞெகிழி உறையும் சிறு வளையமும்தான். இதை இரு தரப்பினரும் நினைவில் கொள்ள வேண்டும். 18650 பேட்டரிகளை இப்படித் தனியாக எடுத்துப் பயன்படுத்துவதற்கு எதிராக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் எச்சரித்திருக்கிறது.

தம்பியின் சிப் கருவி இதே இடத்தில் என்ன செய்திருக்கும் என்றும் சோதித்தேன். அட்டமைசரின் இரு முனைகளையும் வேண்டுமென்றே இணைத்து அதில் பொருத்தினேன். அழுத்தியதும் திரையில் எச்சரிக்கை வந்தது. மின்சாரம் போகவே இல்லை. அதிக நேரம் அழுத்தினால் நிறுத்துகிறது, பேட்டரி மிகவும் இறங்கினால் நிறுத்துகிறது, தலைகீழாகப் போட்டால் இயங்க மறுக்கிறது. இவை ஒவ்வொன்றையும் அண்ணனும் செய்கிறார், தன் கவனத்தால். ஓம் அளக்கிறார், பேட்டரி உறையில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார், நடுமுனை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்கிறார், பையில் போடும்முன் சுவிட்சின் பூட்டு வளையத்தைத் திருகுகிறார்.

ஆகவே “மெக் மாடில் பாதுகாப்பே இல்லை” என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. பாதுகாப்பு இருந்தது, அது குழாயில் இல்லை, அண்ணனின் மனத்தில் இருந்தது. குழாய் கைமாறியபோது அது கூடவே போகவில்லை. தம்பி கவனக்குறைவானவர் அல்லர். தன் கருவியில் நாள்தோறும் செய்வதைத்தான் அன்றும் செய்தார். திருகினார், அழுத்தினார். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே மரை, ஒரே அளவு. ஒன்றுக்குப் பொருந்துவது மற்றொன்றிலும் தடையின்றி ஏறிவிடுகிறது. ஆபத்தான இணைப்பு ஒன்று இத்தனை எளிதாகப் பொருந்தும்படி அமைந்திருப்பது வடிவமைப்பின் குற்றம் என்றே நான் கருதுகிறேன். ஹைப்ரிட் குழாய் செய்கிறவர்கள் அந்தச் சில மில்லி ஓமுக்காக இந்த விலையைப் பயனர் தலையில் கட்டக் கூடாது.

“உன் மேல் தப்பில்லை, பூட்டாமல் மேசையில் வைத்தது நான்தான்” என்று அண்ணன் தம்பியிடம் என் முன்னாலேயே சொன்னார். “நான் கேட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டும் அண்ணா” என்றார் தம்பி. பூட்டியிருந்தாலும் தம்பி அதைத் திறந்து அழுத்தியிருப்பார். கேட்டிருந்தாலும், நடுமுனையைப் பார்க்க வேண்டும் என்று அண்ணனுக்கு அந்த நேரத்தில் சொல்லத் தோன்றியிருக்குமா? வழக்கமாகிவிட்ட எச்சரிக்கை வாய்க்கு வருவதில்லை, கையிலேயே தங்கிவிடுகிறது.

செய்த மாற்றங்கள்

அண்ணன் குழாயைக் கைவிட மாட்டார் என்பது உறுதியான பிறகு, எதை மாற்றலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசினோம். ஹைப்ரிட் மூடியை எடுத்துவிட்டு, தனித் தொடுமுனையும் அதைச் சுற்றி மின்கடத்தா வளையமும் கொண்ட புதிய மேல்மூடியை அவரே கடைந்தார். இப்போது எந்த அட்டமைசரைத் திருகினாலும் மரை வளையம் பேட்டரியைத் தொட முடியாது. அளந்து பார்த்ததில் இழப்பு மிகச் சிறியது. இழுத்துப் பார்த்து வித்தியாசம் தெரியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். சுவிட்சின் வில்லும் பேட்டரியும் புதியவை. வாயுத் துளைகளைச் சற்றுப் பெரிதாக்கினார். குழாயின் உடலில் குறைந்தபட்ச ஓம் அளவைப் பொறித்தார், எடுப்பவர் கண்ணில் படும்படி.

காயில் தவறான ஓமில் இருந்தாலோ உள்ளே கம்பி உடலைத் தொட்டாலோ இந்தக் குழாய் இன்னும் தடுக்காது. அதற்காக நான் இன்னொன்றைச் சொன்னேன். மின்னோட்டத்தைத் தாங்கவல்ல சிறு மாஸ்ஃபெட் (மின்னணுச் சுவிட்ச்) பலகை ஒன்றைச் சுவிட்சில் வைத்து, ஷார்ட் சர்க்யூட்டில் துண்டிக்கும்படி செய்யலாம். ஆற்றலைக் கட்டுப்படுத்தாது, பேட்டரி இறங்குவது நாக்குக்குத் தெரிவதும் அப்படியே இருக்கும். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். “அதற்குள் ஒரு சிப் வந்துவிட்டால், அது சரியாக வேலை செய்கிறதா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வேன்?” என்று கேட்டார். ஷார்ட் செய்து சோதிக்கலாம் என்றேன். அந்தச் சோதனையில் தவறினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

என் கருத்து மாறவில்லை. தனியாக வாழும், அளந்து பார்த்துப் பழகிய ஒருவருக்கு இப்போதைய குழாய் போதும் என்று ஒப்புக்கொள்வேன். பிறர் கையெட்டும் வீட்டில் அந்தப் பலகை இருந்தாக வேண்டும். அண்ணன் அதை ஏற்கவில்லை. குழாயைப் பட்டறையில் தன் கருவிப்பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, வீட்டில் தம்பியுடையதைப் போன்ற சிப் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார். அதன் பேட்டரி எப்போது தீரும் என்று தெரியாமல் அடிக்கடி திரையைப் பார்ப்பதாகச் சொன்னார்.